கொட்டாம்பட்டித் தராசு

சின்னம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பதிவேடு கிடைத்தது. நீள நோட்டு, காலிகோ அட்டை. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. உள்ளே அடிக்கோல் வைத்து இழுத்த கட்டங்கள். குழந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, அதற்குப் பிறகு மாதாமாதம் எடை. ஏழு கிலோ இருநூறு, ஏழு கிலோ நூறு, ஏழு கிலோ நானூறு. சில பெயர்களின் மேல் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமலே எனக்குப் புரிந்தது.

மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் போனால் வரும் கொட்டாம்பட்டிப் பகுதி எங்களுடையது. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மதுரைச் சமவெளிக்கு வந்த பிறகு மேலூர் பக்கம் நெல்வயலாக மாறியது. எங்கள் பக்கம் கண்மாயும் மானாவாரியுமாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. மழை பெய்தால் கடலை, கம்பு. பெய்யாவிட்டால் கூலிக்குக் கிழக்கே போவார்கள். இந்த ஒன்றியத்தில்தான் 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. உலக வங்கியின் 3.2 கோடி டாலர் கடனுதவியுடன், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று வறண்ட மாவட்டங்களுக்குப் பரவிய திட்டம் அது. 1989 வரை நடந்தது. ஊட்டச்சத்து வரலாறு எழுதுகிறவர்கள் உலகமெங்கும் இன்றும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ‘எடை போடுற வீடு’ என்றால் தெரியும்.

அந்த வீட்டுக்கு டீச்சராக என் சின்னம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. எட்டாம் வகுப்புப் படிப்பு, கையில் இரண்டு குழந்தைகள். தேர்வுக்கு வைத்திருந்த தகுதிகளில் ஒன்றை நான் பல வருடம் கழித்து ஒரு கட்டுரையில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் உள்ளூர்க்காரியாக, ஏழையாக இருக்க வேண்டும்; ஆனால் அவளுடைய குழந்தை நன்றாகச் சதைப்பிடிப்போடு இருக்க வேண்டும். இல்லாமையிலும் ஒருத்தி தன் பிள்ளையைத் தேற்றியிருக்கிறாள் என்றால் அவளிடம் ஏதோ ஓர் அறிவு இருக்கிறது, அதை ஊர் கற்றுக்கொள்ளட்டும் என்பது யோசனை. பட்டம் படித்தவர்கள் ஏழைப் பெண்ணின் அடுப்படி அறிவை ஒரு தகுதியாக எழுதி வைத்த இடங்கள் நம் அரசு ஆவணங்களில் அதிகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவர்கள் கொடுத்தது மட்டும் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். மதிப்பும் சொற்பம், ஊதியமும் சொற்பம்.

திட்டத்தின் மையம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள். அதற்கு முன்பு அரசு போட்ட சாப்பாடு பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும் பள்ளிக்கு நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்கான உணவு. நடக்கத் தெரியாத பிள்ளை வீட்டில் கிடந்தது. ஆனால் உடல் மெலிவு ஆரம்பிப்பதே அங்கேதான். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது. குழந்தையின் வயிறோ கைப்பிடி அளவு. அதில் நீர்த்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், சக்தி சேராது. அதே கஞ்சியில் கொஞ்சம் பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பொடித்த கடலை, ஒரு துண்டு வெல்லம் சேர்ந்தால் அளவு கூடாமல் சக்தி கூடும். மாவிலும் பருப்பிலும் ஒரு கிராமுக்கு நான்கு கலோரிக்குள், எண்ணெயில் ஒன்பது. சின்னம்மாவுக்குக் கலோரிக் கணக்கு தெரியாது. “கரண்டியச் சாய்ச்சா வழியணும், ஊத்தக் கூடாது” என்று தாய்மார்களுக்குச் சொல்வாராம். கஞ்சியின் பதத்தைச் சொல்ல இதைவிடத் தெளிவான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

எடை போடுவதற்கு முதலில் எதிர்ப்பு இருந்தது. பிள்ளையைத் தராசில் வைத்தால் கண் பட்டுவிடும், ஆட்டுக்குட்டியா எடை பார்க்க என்று கிழவிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னம்மா தன் மகனை முதலில் வைத்தார். அடுத்து அக்கா மகளை, அதாவது என்னை. நான் வீறிட்டு அழுததாகவும், அந்த அழுகையைக் கேட்டே பாதிக் கூட்டம் சிரித்துக்கொண்டு உள்ளே வந்ததாகவும் அம்மா சொல்வார்.

அதைவிடப் பெரிய சண்டை பிறகு வந்தது. இந்தத் திட்டம் எல்லாக் குழந்தைக்கும் உணவு கொடுக்கவில்லை. மாத எடையைப் பார்த்து, ஏறாமல் நின்ற குழந்தைக்கும் இறங்கிய குழந்தைக்கும் மட்டும் சத்துருண்டை. தானிய மாவும் பயறு மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்தது. தொண்ணூறு நாள் கொடுப்பார்கள். அரைக் கிலோவாவது ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மருத்துவ நியாயம் இதில் சரிதான். ஒல்லியாக இருந்தாலும் சீராக ஏறும் குழந்தை ஆபத்தில் இல்லை. கொழுகொழுவென்று இருந்து இரண்டு மாதம் ஏறாமல் நிற்கும் குழந்தைக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ, அம்மா நடவுக்குப் போய்விட்டதோ. ஆனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இந்த நியாயம் எப்படிப் புரியும்? “அவ புள்ளைக்கு உருண்டை, எம்புள்ளைக்கு வெறுங்கையா? நீயும் சாதி பாத்துத்தான குடுக்கிற?” என்று சின்னம்மாவின் வாசலில் நின்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். சின்னம்மா அன்று அட்டையை எடுத்துப் போய் அவளுக்கு அந்தக் கோட்டைக் காட்டினார். மேலே போகிற கோடு, படுக்கிற கோடு, விழுகிற கோடு. எழுத்து தெரியாத பெண்கள் ஒரு வரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். நான் ஆய்வேடு எழுதிய காலத்தில்கூட வரைபடம் என்றால் ஒதுங்கிப் போனவள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடுமையான மெலிவு திட்டப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது. அதை யாரும் மறுப்பதில்லை. நான் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டித் தேடியது வேறொன்றை. தாயின் பெயர் இருக்கிறது. தாயின் எடை இல்லை.

கர்ப்பிணிகளிலும் பாலூட்டுகிறவர்களிலும் மெலிந்தவர்களுக்கு உருண்டை உண்டு. அதாவது ஒரு பெண்ணின் பசி, அவள் வயிற்றிலோ மடியிலோ ஒரு குழந்தை இருக்கும்வரை அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. பத்து வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்ற அக்காக்காரிக்கு எந்தக் கட்டமும் இல்லை. பிள்ளை பெற்று முடித்தவளுக்கும் இல்லை. கருவே தங்காதவளுக்குச் சொல்லவே வேண்டாம். 1980களில் இதே மாவட்டத்தின் இன்னொரு முனையில், உசிலம்பட்டிப் பக்கத்தில், பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. எடை போடும் தட்டுக்கு வந்து சேர்ந்த பெண் குழந்தை, ஏற்கெனவே ஒரு கண்டத்தைத் தாண்டியவள்.

உணவுக் கணக்கில் பெண்ணின் இடம் எங்கே என்று தேடப் போனால் ஓர் எண்ணில் போய் முட்டுவோம்: 0.8. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று கணக்கிட இந்திய ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் ‘நுகர்வு அலகு’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதிக உடலுழைப்பு இல்லாத ஆண் ஒரு அலகு. அதே நிலையிலுள்ள பெண் 0.8. நடுத்தர உழைப்புள்ள ஆண் 1.2, பெண் 0.9. கடும் உழைப்புள்ள ஆண் 1.6, பெண் 1.2. இந்த எண்ணைக் கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நிதானமாகப் பார்த்தால், எண்ணில் பெரிய தவறில்லை. சராசரிப் பெண்ணுடல் எடை குறைந்தது. தசைப் பங்கும் குறைவு. அதற்கேற்ப எரியும் சக்தியும் குறைவு. வம்பு எண்ணில் இல்லை, எந்தப் பெண் எந்த வரிசையில் என்பதில் இருக்கிறது. அதிக உழைப்பில்லாதவர்கள் பட்டியலில் ஆண்களில் ஆசிரியர், தையல்காரர், நிலக்கிழார் எல்லாம் இருந்தார்கள். பெண்களில் ஆசிரியை, செவிலியர். கூடவே, இல்லத்தரசி.

இல்லத்தரசியும் நிலக்கிழாரும் ஒரே வரிசை! எங்கள் பக்கத்து இல்லத்தரசி விடியுமுன் கண்மாய்க்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வருவாள். விறகு பொறுக்குவாள். உரலில் கம்பு குத்துவாள். மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள். பிறகுதான் ‘வேலைக்கு’ப் போவாள். இதில் எதுவும் கூலியில்லாததால் உழைப்பாகக் கண்ணில் படவில்லை. உழைப்பாகப் படாததால் கலோரியாகவும் கணக்கில் ஏறவில்லை. சம்பளப் பட்டியலில் நடந்த அநியாயம் சாப்பாட்டுப் பட்டியலிலும் அப்படியே படிந்திருக்கிறது. இன்றைய கணக்குப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதிக உழைப்பில்லாவிட்டால் நாளுக்கு 1660 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2130, கடும் உழைப்புக்கு 2720 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. ஒரே பெண்ணை ஒரு வரிசை தள்ளி உட்காரவைத்தால் அவள் தட்டிலிருந்து சுமார் ஐந்நூறு கலோரி காணாமல் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் பெண்களிடம் உரக்கச் சொல்வதில்லை. அதே கழகத்தின் பட்டியலில் இரும்புச்சத்து ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம். பெண்ணுக்கு 29. மாதாமாதம் இழக்கும் இரத்தத்துக்கு ஈடு செய்ய வேண்டுமே. ஆக, ஆணைவிடக் குறைந்த சோற்றில் அவனைவிட ஒன்றரை மடங்கு இரும்பு அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதனால்தான் கீரையும் பயறும் முட்டையும் மீனும் ஈரலும் முதலில் பெண்ணின் தட்டில் விழ வேண்டும் என்பது. கூட ஓர் எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ இருந்தால் கீரையின் இரும்பு உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. நம் வீடுகளில் குழம்பின் அடியில் கிடக்கும் மீன் துண்டு யாருக்கு, வெறும் குழம்பு யாருக்கு என்று வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அளந்து போடும் சாப்பாட்டின் வரலாறு மதுரைக்குப் புதிதில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 ஜனவரியில், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வெட்டினார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் குறைவு. ஒரு பவுண்டு அரிசி என்றால் சுமார் 450 கிராம், ஏறக்குறைய 1600 கலோரி. மண் வெட்டுகிறவருக்கு அது பாதியைச் சற்றுத்தான் தாண்டும். மீதியை உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். முதலில் கொழுப்பு, பிறகு தசை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த அளவு ஆளைக் கொல்லும் என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அந்தக் கூலியைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் போனவர்கள் போனதுதான்.

அதே பஞ்சத்தில் மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் நகைகளையும் சொத்தையும் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஊர் ஒதுக்கி வைத்த பெண் ஊருக்குச் சோறு போட்டாள். ‘ஒரு பவுண்டு’ என்று அளந்தவர் பெயருக்கு முன்னால் சர் பட்டம். அளக்காமல் ஊற்றியவளுக்கு ஒரு வாய்மொழிக் கதை.

நூறு வருடம் கழித்து அதே ஊரில் வேறொரு வகை அடுப்பு எரிந்தது. எர்ஸ்கின் மருத்துவமனையில் (இப்போதைய இராசாசி மருத்துவமனை) 1970களின் தொடக்கத்தில் மருத்துவர் கோ. வெங்கடசாமி ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை நடத்தினார். பின்னாளில், 1976இல், அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். கண் மருத்துவருக்குச் சமையலறை எதற்கு? மாலைக்கண்ணில் ஆரம்பித்துக் கருவிழி கரைந்து போகும் குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். வைட்டமின் ஏ குறைவு. அதற்கு மருந்து முருங்கை மரத்தில் இருந்தது. தாய்மாரைக் குழந்தைகளோடு தங்க வைத்து, உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு சமைக்கும் முறையை அங்கே பழக்கினார்கள். இந்த வேலையில் அவரோடு சேர்ந்தவர் ஆன்டனெட் பிரி. ஆக்ஸ்போர்டில் கண் உயிர்வேதியியலில் பேர்பெற்ற அறிவியலாளர். கண் ஆராய்ச்சிக்கான பிராக்டர் பதக்கத்தை 1968இல் பெற்ற முதல் பெண். ஓய்வு பெற்ற பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து கீரைப் பாத்திகளுக்கு நடுவே நின்றார். எண்ணெய் இல்லாமல் கீரையை மட்டும் அவித்துக் கொடுத்தால் அந்தச் சத்து முழுசாக உடலில் சேராது, ஒரு கரண்டி எண்ணெயாவது வேண்டும். தாளிப்பதற்கு எண்ணெய் வாங்க முடியாத வீட்டில் கீரை கிடைத்தும் கண் போகிறது.

அரவிந்தைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா என்ற மருத்துவரின் தலைமையில் திருச்சி மாவட்டத்தில் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்றவர்களில் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு சொட்டுச் சத்து கண்ணை மட்டுமல்ல, உயிரையும் காக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் இது ஒன்று. மதுரைப் பெண்கள் எத்தனை பேருக்கு அந்த மருத்துவரின் பெயர் தெரியும் என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. எனக்கும் நாற்பது வயதுவரை தெரியாது.

சின்னம்மாவுக்குத் திரும்புகிறேன். 1986 கோடையில், எடை போட்டுக்கொண்டிருந்தபோதே அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். உடம்பில் இரத்தமே இல்லை என்றார்கள். அங்கே முதன்முதலாக அவரை எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டுக் கிலோ. ஆறு வருடம் ஊர்க் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தவர், ஒரு தராசில் தான் ஏறி நின்றது அன்றைக்குத்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்க, “நீராகாரம்” என்றாராம். நேற்றிரவு? “புள்ளைக சாப்ட்டுச்சுக. அவரு சாப்ட்டாரு.” மருத்துவர் மறுபடியும் கேட்டாராம், நான் உன்னைக் கேட்டேன் என்று.

சத்துருண்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கக் கூடாதா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அது கணக்குத்தா. புள்ளைக கணக்கு” என்றார்.

சின்னம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. எடை எழுபத்தொன்று. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி. முப்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு அவர் வந்த பாதையும் நம் மாநிலம் வந்த பாதையும் ஒன்றுதான். கண்மாய்க்குப் பதில் வாசலில் குழாய், உரலுக்குப் பதில் கிரைண்டர், விறகுக்குப் பதில் கேஸ். இவையெல்லாம் பெண்களின் முதுகைக் காப்பாற்றின. ஒன்றையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லமாட்டேன். செலவாகும் சக்தி குறைந்தது. தட்டு மட்டும் பழைய தட்டுத்தான், சொல்லப்போனால் பழையதைவிட வெள்ளை. கம்பும் வரகும் போய் மூன்று வேளையும் அரிசி. கூடத் தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையுள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் 30.9. அதே 2019-21 ஆய்வில் இரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். எடை கூடியவளிலும் இரத்தம் இல்லாதவள் இருக்கிறாள். வயிறு நிறைந்திருக்கிறது, பசி தீரவில்லை.

வரவு செலவுக் கணக்குப் போல உடம்பைச் சொல்வது வழக்கம்: உண்பது வரவு, உழைப்பது செலவு, மிச்சம் கொழுப்பு. சரிதான். ஆனால் எந்த நாணயத்தில் வரவு என்பதும் முக்கியம். நாள் சக்தியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், மீதி பருப்பு, காய், கீரை, பால், முட்டை, கடலை என்று வரட்டும் என 2024இல் வந்த தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. சின்னம்மாவிடம் மருத்துவர் சொன்னது ஒரே வரி: “சோத்தக் கொறைங்கம்மா.” எதைக் கூட்டுவது என்று சொல்லவில்லை. கூட்டுவதற்குக் காசு வேண்டும். குறைப்பதற்குப் பெண்ணின் மனக்கட்டுப்பாடு போதும் அல்லவா. பசிக்கும் அவள்தான் பொறுப்பு, பருமனுக்கும் அவள்தான் பொறுப்பு.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். முதல் கட்டமாக 1545 பள்ளிகள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து பத்து மணிக்குத் தலை சாயும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும். சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பள்ளி திறப்பதற்குள் உப்புமாவோ கிச்சடியோ தயாராக வேண்டும் என்றால் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், தங்கள் வீட்டுக்கு எப்போது சமைத்திருக்க வேண்டும், எப்போது தாங்கள் ஒரு வாய் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

போன பருவத்தில் என் மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். நேற்று காலையிலிருந்து இரவுவரை உங்கள் அம்மா என்ன சாப்பிட்டார் என்று எழுதி வாருங்கள், கேட்டு எழுதக் கூடாது, தெரிந்ததை எழுதுங்கள். நாற்பத்தொரு தாள்கள் வந்தன. மதியம் அப்பாவுக்கு என்ன கட்டிக் கொடுத்தார் என்பது முப்பதுக்கு மேல் தாள்களில் தெளிவாக இருந்தது. தம்பிக்குக் கொடுத்த ஹார்லிக்ஸ்கூட ஒரு தாளில் இருந்தது. காலையில் அம்மா சாப்பிட்டது என்ற இடத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம். ஒருத்தி அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, அடித்து, ‘பார்த்ததில்லை’ என்று மாற்றியிருந்தாள். மறுவாரம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். மூன்று அம்மாக்கள் “எதுக்குடி கேக்குற?” என்று சந்தேகப்பட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டங்களுக்கு வெளியே, பென்சிலில், ஓர் எண் இருக்கிறது. 38. பக்கத்தில் ஒரு தேதி. அதற்குக் கீழே மூன்று மாதம் கழித்து 40.500. அதற்குக் கீழே 43. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஊரில் எங்காவது தராசு கிடைத்தபோதெல்லாம் ஏறி நின்றிருக்கிறார். உருண்டையைத் தொடவில்லை, கடலையும் முருங்கைக்கீரையும்தான் என்கிறார். மண்ணைத் தூற்றிய அந்தப் பெண்தான் வாரம் இரண்டு முட்டை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாளாம்.

பதிவேட்டைப் படியெடுத்துக் கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. போன வாரம் சின்னம்மா வீட்டுக்கு வந்தவர், அதைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் இன்றைய எடையையும் எழுதிவிடட்டுமா என்று கேட்டார். பென்சில் தேடிக் கொடுத்தேன்.